வாய் திறவாப் பூக்கள்: 'சியாம்சீ ஆயி'யில் பிள்ளைமையும் அறமும்

சானே குருஜி 1933-இல் நாசிக் சிறையில் எழுதிய 'சியாம்சீ ஆயி' (சியாமின் தாய்) மராத்தியில் பிள்ளைப்பருவ நாவலுக்கு முதன்மைச் சான்றாகக் கொள்ளப்படுவது. வளர்ந்துவிட்ட சியாம் தன் கொங்கண இளமையை 42 இரவுகளில் தோழர்க்குக் கூறுவதாக அமைந்தது. இதனை அறநூல் என்று மட்டும் வகைப்படுத்துதல் பொருந்தாது. தாய் அறிவுரை கூறாதவள் அல்லள். ஆயின் ஒவ்வோர் அறிவுரைக்கு முன்னும் குழந்தை அறியாது செய்த செயல் ஒன்று நிற்கிறது. அச்செயல் வாசகனுக்கும் தவறாகப் படாதபோதுதான் பாடம் இருவர்க்கும் ஒருங்கே நிகழும்.

தமிழாக்கத்தில் இச்சமநிலை எளிதில் குலையும். நீராடிய சிறுவன், பாதத்தில் அழுக்குப் படாதிருக்கத் தாயின் சேலைத் தலைப்பை விரிக்கச் சொல்கிறான். விரித்த தாய், மனத்தையும் அவ்வாறே காக்குமாறு கூறுகிறாள். இங்கு 'மாசு' என்று பெயர்த்தால் பேசுபவள் தாயல்லள், திருக்குறள் உரையாசிரியர் ஆகிவிடுவார். 'அழுக்கு' போதும்.

'முகீ புலே' என்னும் இயலே கடினமானது. பிற சிறுவரை முந்தும் ஆவலில் சியாம் மலராத அரும்புகளைப் பறித்துவிடுகிறான், தாய் வருந்துகிறாள். 'முகீ' என்பது ஊமை எனப் பொருள்படும் அடையின் நபுஞ்சகப் பன்மை வடிவம், புலே, பூக்கள். தமிழ் 'முகை'யோடு அதற்குள்ள ஒலியொப்புமை மொழிபெயர்ப்பாளரை மயக்கும். 'முகை' என்றால் அரும்பு கிடைக்கும், ஊமை போய்விடும். ஊமை போனால் இரக்கத்திற்கு இடமில்லை.

மாட்டுங்காத் தமிழருக்கு இஃது ஏட்டுச் சிக்கலன்று. ஆஸ்திக சமாஜக் கோயிலை ஒட்டிய பூக்கடைகளில் மல்லிகை மொட்டாகவே தொடுக்கப்படுகிறது. மலர்ந்துவிட்டால் மதிப்புக் குறைவு. மராத்தியைப் பள்ளியிலும் தமிழை வீட்டிலும் பயின்ற வாசகர்க்குச் சியாமின் செயல் அன்றாடத் தொழிலாகவே தோன்றும். 'மொட்டுகளைப் பறித்தான்' என்னும் தொடரில் அவர் குற்றம் காணார். தாயின் வருத்தம் மிகையுணர்ச்சியாகப் படும். அடிக்குறிப்பால் இதனை ஈடுசெய்ய முயல்வது வீண். வருத்தத்தை விளக்கலாம், வருவிக்க முடியாது.

'ஊமைப் பூக்கள்' என்பது பொருளுக்கு நேரானது. தமிழில் செயற்கையாக ஒலிக்கிறது. 'வாயில்லாப் பூக்கள்' அதனினும் நன்று. 'வாயில்லாச் சீவன்' என்னும் வழக்கின் பரிவு அதில் உண்டு, அரும்பு இல்லை. 'வாய் திறவாப் பூக்கள்' இரண்டையும் தாங்கும். முகை வாயவிழ்தல் செய்யுள் வழக்கு. வாய் திறவாமை மௌனம். தலைப்பிற்கு இவ்வடிவம் தகும். தாயின் பேச்சில் மட்டும் அது 'வாயத் தொறக்காத பூ' என்றே வரவேண்டும்.