பழி வாங்குகிறவளின் கை

பழிவாங்கும் கதை எழுதுவது சுலபம் என்று நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். முதல் அத்தியாயத்தில் ஒரு நல்லவனுக்கு அநியாயம் செய்துவிட்டால் போதும். மிச்ச அத்தியாயங்களை வாசகனின் ஆத்திரமே எழுதிக்கொண்டு போய்விடும். 1844இல் பத்திரிகைத் தொடராக வெளிவரத் தொடங்கிய டூமாவின் மாண்ட்டி கிறிஸ்டோ கதையை இன்றும் கீழே வைக்க முடியாமல் படிக்கிறோம் என்றால், அதற்கு டூமாவின் நடை மட்டும் காரணமில்லை. எட்மண்ட் டாண்டேயைச் சிறையில் தள்ளிய மூன்று பேரும் எப்படி விழப்போகிறார்கள் என்று பார்க்கிற ஆசை நமக்கும் இருக்கிறது. அந்த ஆசை அவ்வளவு கௌரவமானதல்ல. இருந்தாலும் அது நம்முடையதுதான்.

'தி குளோரி' என்ற கொரியத் தொலைக்காட்சித் தொடரை என் பேத்தியின் வற்புறுத்தலால் பார்த்தேன். "தாத்தா, எட்டுப் பாகம் மட்டும் பாருங்க, பிடிக்கலேன்னா விட்டுடுங்க" என்றாள். எட்டு முடிந்ததும் மீதி எட்டையும் நானேதான் தேடிப் போனேன். முதல் எட்டுப் பாகங்கள் 2022 டிசம்பர் 30இலும், அடுத்த எட்டு 2023 மார்ச் 10இலும் நெட்ஃப்ளிக்ஸில் வெளிவந்தவை. எழுதியவர் கிம் உன் சூக். அதுவரை காதல் கதைகளுக்குப் பெயர் போனவர். அவருடைய கதாநாயகிகளில் ஒருவராக இருந்து ரசிகர்களைக் கிறங்கடித்த சோங் ஹே கியோதான் இதிலும் கதாநாயகி. ஆனால் இதில் அவர் சிரிப்பதே அபூர்வம்.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தோங் உன் ஏழைப் பெண். அவள் படிக்கும் பள்ளியில் ஐந்து பேர் கொண்ட கூட்டம் ஒன்று உண்டு. தலைவி யோன் ஜின். முடியைச் சுருட்டும் சூட்டுக்கோலை எடுத்து, சூடு ஏறிவிட்டதா என்று பார்ப்பதற்குத் தோங் உன்னின் உடம்பை உபயோகிக்கிறார்கள். (2006இல் சோங்ஜு நகரப் பள்ளி ஒன்றில் ஒரு சிறுமிக்கு இப்படி நடந்ததைக் கொரியப் பத்திரிகைகள் அப்போது நினைவூட்டின, ஆகவே இதை மிகை என்று தள்ளிவிட முடியாது.) போலீஸ் உதவவில்லை. ஆசிரியர் இவளையே அடிக்கிறார். பெற்ற தாய் பணத்தை வாங்கிக்கொண்டு மகள் பள்ளியை விட்டு விலகுவதாகக் கையெழுத்துப் போட்டுத் தருகிறாள். தோங் உன் ஆலையில் வேலை செய்கிறாள், தானாகப் படித்துப் பரீட்சை எழுதுகிறாள், ஆசிரியை ஆகிறாள். பதினெட்டு வருஷங்கள் கழித்து, யோன் ஜினின் சிறு மகள் யே சோல் படிக்கும் வகுப்புக்கே ஆசிரியையாகப் போய் நிற்கிறாள்.

யோன் ஜின் ஏன் அப்படிச் செய்தாள்? இந்தக் கேள்விக்கு ஆசிரியை கொடுத்திருக்கும் பதிலே தொடரில் என்னை மிகவும் கவர்ந்தது. பதில் எதுவுமில்லை. பொறாமை இல்லை, காதல் போட்டி இல்லை, பழைய பகை இல்லை. செய்தால் தனக்கு ஒன்றும் ஆகாது, அந்தப் பெண்ணுக்காகக் கேட்க யாரும் வரமாட்டார்கள். இது தெரிந்திருந்தது, அவ்வளவுதான். ஷேக்ஸ்பியரின் இயாகோ தன் துவேஷத்துக்குக் காரணம் தேடித் தேடி அலைகிறான் என்று கோல்ரிட்ஜ் கண்டுபிடித்தார். யோன் ஜின் அந்த அளவுக்குக்கூட மெனக்கெடுவதில்லை. ஒரு கொடுமைக்குக் காரணம் கிடைத்துவிட்டால் நமக்கு ஓர் ஆறுதல். 'இவளுக்கு இளமையில் இப்படி நேர்ந்தது, அதனால்...' என்று ஆரம்பித்து, மெல்ல மன்னிப்பின் பக்கம் நடந்துவிடலாம். கிம் உன் சூக் அந்த வழியை அடைத்துவிடுகிறார். லிம் ஜி யோன் இந்தப் பாத்திரத்தை நடித்திருக்கும் விதமும் அப்படித்தான். கண்ணில் வெறி கிடையாது, சலிப்புத்தான் இருக்கிறது.

இனிச் சங்கேதங்களுக்கு வருகிறேன். சங்கேதம் என்றாலே எனக்குக் கொஞ்சம் பயம். கதையில் உயிர் இல்லாதபோது ஆசிரியர்கள் அதைத் தூணாகக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். இதில் பெரும்பாலும் அப்படி இல்லை. சங்கேதங்கள் கதையில் வேலை செய்கின்றன.

முதலாவது, பதுக் என்ற ஆட்டம். சீனாவில் பிறந்து கொரியாவிலும் ஜப்பானிலும் வேரூன்றிய பழைய ஆட்டம் அது. பத்தொன்பதுக்குப் பத்தொன்பது கோடுகள். கோடுகள் சந்திக்கும் 361 இடங்கள். கறுப்புக் கல், வெள்ளைக் கல். சதுரங்கத்தில் காய்கள் நகரும், பாயும், வெட்டும். இதில் வைத்த கல் வைத்த இடத்திலேயே இருக்கும். எதிரியின் கல்லைச் சுற்றி நாலு பக்கமும் நம் கல் வந்துவிட்டால், அதற்கு மூச்சுவிட இடமில்லை, எடுத்துவிட வேண்டியதுதான். நம் ஊர்த் திண்ணைகளில் கோடு கிழித்து ஆடும் ஆடுபுலி ஆட்டத்தை நினைத்துக்கொண்டால் புரிந்துவிடும். புலிதான் தாவி ஆட்டைத் தின்னும். ஆடு புலியைத் தின்பதில்லை. நகர இடமில்லாமல் அடைத்துவிடும், அதோடு ஆட்டம் முடிந்தது.

தோங் உன் இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொள்வதற்குக் கதையில் காரணம் இருக்கிறது. யோன் ஜினின் கணவன் தோ யோங் இதில் பிரியமுள்ளவன். அவனை நெருங்க வேறு வழியில்லை. ஆனால் ஆட்டம் அதோடு நிற்கவில்லை. பழிவாங்கும் முறையே ஆட்டத்தின் முறையாகிவிடுகிறது. அவள் யாரையும் கத்தியால் குத்துவதில்லை. இன்னாரை இன்ன இடத்தில் வைக்கிறாள், பிறகு காத்திருக்கிறாள். இன்னொரு நுட்பமும் உண்டு. பதுக்கில் வளைத்துப் பிடிக்கும் இடத்துக்குக் கொரிய மொழியில் 'வீடு' என்றே பெயர். அதிக வீடு உள்ளவன் ஜெயித்தான். தோ யோங் கட்டடம் கட்டும் கம்பெனி நடத்துகிறவன். வீடு கட்டுகிறவனின் வீட்டை, வீடே இல்லாமல் வளர்ந்த ஒருத்தி, ஒரு கல் ஒரு கல்லாக வைத்துத் தன்னுடையதாக்குகிறாள். இதைத் தொடரில் யாரும் நமக்கு விளக்கவில்லை. விளக்காததற்காக நன்றி சொல்ல வேண்டும்.

இரண்டாவது, நிறம். கூட்டத்தில் ஒருவனான ஜே ஜூனுக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. சிறுமி யே சோலுக்கும் அதே குறை. இந்தக் குறை தாய்வழியாக மகனுக்கு வருவது சாதாரணம். மகளுக்கு வருவதென்றால், தாயின் ரத்தத்தில் அது ஒளிந்திருப்பதோடு, தகப்பனுக்கும் அது இருந்தாக வேண்டும். தோ யோங்கின் கண்ணில் பழுதில்லை. ஆக, குழந்தை யாருடையது என்பதைக் குழந்தையின் கண்ணே சாட்சி சொல்லிவிடுகிறது. கறுப்பும் வெள்ளையுமான ஆட்டத்தை ஆடுகிற கணவனையும், நிறம் பிரியாத கள்ளக் காதலனையும் எதிரெதிரே வைத்திருக்கிறார் ஆசிரியை. இங்கே சங்கேதமும் சம்பவமும் ஒன்றாகிவிட்டன. எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம்.

பூவைப் பற்றியும் ஒரு வார்த்தை. தோங் உன் குடியிருக்கும் வீட்டுச் சொந்தக்காரக் கிழவி, தலைகீழாகத் தொங்கும் வெள்ளை எக்காளப் பூச்செடி வளர்க்கிறாள். அது நம் ஊமத்தைக்கு உறவு. ஊமத்தைப் பூ வானத்தைப் பார்க்கும், இது மண்ணைப் பார்க்கும். இரண்டிலும் விஷம் உண்டு. இந்தக் கிழவி வெறும் அலங்காரப் பாத்திரமென்று நினைத்திருந்தேன். தோங் உன் சிறு பெண்ணாக ஆற்றில் இறங்கிச் சாகப் போன இரவில், அதே ஆற்றில் சாக வந்தவள் இவள்தான் என்று பின்னால் தெரிகிறது. தண்ணீர் மிகவும் குளிராக இருக்கிறது, வசந்த காலத்தில் சாகலாம் என்று பேசி இருவரும் கரையேறுகிறார்கள். பதினாறு பாகங்களில் என் கண் கலங்கியது இந்த இடத்தில்தான்.

துணைப் பாத்திரங்களில் ஹியோன் நாம் என்ற வேலைக்காரி மறக்க முடியாதவள். புருஷனிடம் அடிபட்டு அடிபட்டு, தோங் உன்னோடு ஒப்பந்தம் பேச வருகிறாள். கார் ஓட்டக் கற்கிறாள், படம் எடுக்கக் கற்கிறாள். இதற்கிடையில் சிரிக்கவும் செய்கிறாள். அடிபடுகிறவள் எந்நேரமும் அழுதுகொண்டிருப்பாள் என்பது அடிபடாதவர்களின் கற்பனை. யோம் ஹே ரானின் நடிப்பு அதை அழித்துவிடுகிறது.

இனி என் குறை. தோங் உன்னின் கை கடைசிவரை சுத்தமாக இருக்க வேண்டும் என்று ஆசிரியை மிகவும் பாடுபடுகிறார். கெட்டவர்கள் ஒருவரை ஒருவர் அழித்துக்கொள்கிறார்கள். சாரா பென்சிலை எடுத்துத் தோழியின் தொண்டையில் குத்துகிறாள். ஜே ஜூன் பார்வை கெட்டு, தோ யோங்கின் கட்டடத்தில் ஈரச் சிமெண்டுக்குள் விழுந்து மறைகிறான். யோன் ஜினின் தாயார்கூடத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மகளைக் கைவிடுகிறாள். (ஏழைத் தாய் மகளை விற்றதற்கும் பணக்காரத் தாய் மகளை விட்டதற்கும் உள்ள ஒற்றுமை நல்ல ஒற்றுமை.) எல்லாம் சரி. ஆனால் வாசகனுக்கு இரத்தமும் வேண்டும், கதாநாயகிமேல் கறையும் படக்கூடாது என்றால், அது ஆசிரியை நமக்குக் கொடுக்கும் லஞ்சமல்லவா?

இப்படி எழுதி வைத்துவிட்டு, கடைசிப் பாகங்களை மறுபடியும் பார்த்தேன். என் தீர்ப்பைக் கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது. யோன் ஜின் சிறைக்குப் போவது மியோங் ஓவைக் கொன்றதற்காக. அவள் அவனைப் பாட்டிலால் அடித்தது உண்மை. ஆனால் உயிரை எடுத்த அடி அவளுடையதல்ல. அந்தக் கூட்டத்தால் நாசமான இன்னொரு பெண்ணுடையது. தோங் உன்னுக்கு அது தெரியும். தெரிந்தும் சொல்வதில்லை. செய்த குற்றத்துக்கெல்லாம் தண்டனை கிடைக்காத யோன் ஜினுக்கு, முழுக்கச் செய்யாத குற்றத்துக்குத் தண்டனை கிடைக்கிறது. இது நியாயமா? நியாயம் மாதிரி இருக்கிறது, ஆனால் பொய்யின்மேல் நிற்கிறது. இங்கே கறை இருக்கிறது. ஆசிரியை அதைத் துடைக்கவுமில்லை, சுட்டிக் காட்டவுமில்லை. சிறையில் மற்றக் கைதிகள், தொலைக்காட்சியில் வானிலை அறிக்கை வாசித்த யோன் ஜினை, வானிலை சொல்லச் சொல்லி வேடிக்கை பார்க்கிறார்கள். அவள் அழுதுகொண்டே சொல்கிறாள். அந்தக் காட்சியில் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. கூட்டம் நடுவே ஒருத்தி, சுற்றிலும் சிரிப்பு. முதல் பாகத்திலும் இதைத்தானே பார்த்தோம்?

சிறுமி யே சோலின் விஷயத்தில்தான் நான் அதிகம் தவித்தேன். கண்ணகிகூட மதுரையை எரிக்கும்போது தீயிடம் குழந்தைகளை விட்டுவிடச் சொன்னாள். தோங் உன் குழந்தையைத் தொடுவதில்லை. ஆனால் குழந்தையின் வகுப்பறைதான் அவள் முதல் கல்லை வைத்த இடம். பதுக்கில் வைத்த கல்லை எடுத்துக்கொள்ள முடியாது.

இந்தத் தொடர் பிறந்த விதத்தை எழுதியவரே சொல்லியிருக்கிறார். நான் ஒருத்தியை அடித்துக் கொன்றால் உனக்கு அதிக வேதனையா, நான் அடிபட்டுச் செத்தால் அதிக வேதனையா என்று அவருடைய மகள் ஒரு நாள் அவரைக் கேட்டாளாம். தாய்க்குப் பதில் கிடைக்கவில்லை, கதை கிடைத்தது. தொடரின் இரண்டாம் பகுதி வெளிவந்த அதே வாரத்தில், அதை இயக்கிய ஆன் கில் ஹோமேல், 1996இல் பிலிப்பைன்ஸில் படித்தபோது சிறுவர்களை அடித்தார் என்ற புகார் எழுந்தது. முதலில் மறுத்தவர், பின்பு வக்கீல் மூலம் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். இதைக் கேட்டதும் என் பேத்தி, "இனிமே அந்தத் தொடரை எப்படித் தாத்தா பார்க்கிறது?" என்றாள். நான் பதில் சொல்லவில்லை.

சொல்லாததற்குக் காரணம் உண்டு. நான் படித்த பள்ளிக்கூடத்தில், எங்கள் வகுப்பில் திக்குவாய்ப் பையன் ஒருவன் இருந்தான். தினமும் இடைவேளையில் அவனைப் பெஞ்சின்மேல் ஏற்றிப் பாடம் ஒப்பிக்கச் சொல்வார்கள். ஏற்றியவன் நானல்ல. நான் சிரித்தவன். ஒரு வருஷம் சிரித்தேன். அடுத்த வருஷம் அவன் பள்ளிக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று நாங்கள் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. நாற்பது வருஷமாகக் கதை எழுதுகிறேன். அவனை வைத்து ஒரு கதை எழுதவில்லை.

தோங் உன் தன் மனத்துக்குள் பேசுவதெல்லாம் யோன் ஜினைப் பெயர் சொல்லி அழைத்து எழுதும் கடிதங்களாகவே இருக்கின்றன. பதினெட்டு வருஷமும் ஒரே ஆளுக்குக் கடிதம். பகையில்கூட இவ்வளவு நெருக்கமா என்று முதலில் வியந்தேன். இப்போது வேறு மாதிரி தோன்றுகிறது. அடித்தவர்கள் மறந்துவிடுகிறார்கள், அடிபட்டவர்களுக்கு அந்தப் பெயர் தினமும் வாயில் இருக்கிறது. அந்தத் திக்குவாய்ப் பையனுக்கு எங்கள் பெயர்கள் எல்லாம் இன்னும் ஞாபகமிருக்கும். ஏற்றிவிட்டவன் பெயர் மட்டுமல்ல, சிரித்தவர்களின் பெயர்களும்.

அவன் பெயரை நினைவுக்குக் கொண்டுவர எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.