விற்றுத் தீர்ந்த நாற்காலிகள்

2012 ஜூலை 28. லண்டன் ஒலிம்பிக்கின் முதல் முழுநாள். நீச்சல் அரங்கிலும் ஜிம்னாஸ்டிக்ஸ் அரங்கிலும் விம்பிள்டன் டென்னிஸ் திடலிலும் நல்ல நல்ல இடங்களில் நாற்காலிகள் வரிசையாகக் காலியாகக் கிடந்ததை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. அதற்கு முந்தைய ஆண்டு இதே போட்டிகளின் டிக்கெட்டுகளுக்குக் குலுக்கல் நடந்தபோது சுமார் 19 லட்சம் பேர் விண்ணப்பித்திருந்தார்கள். பிரிட்டிஷ் பொதுமக்களுக்கென இருந்தவை சுமார் 66 லட்சம் டிக்கெட்டுகள்; அவர்கள் கேட்டது 2 கோடிக்கும் மேல். ஏராளமான குடும்பங்களுக்கு ஒரு டிக்கெட்கூட விழவில்லை. அவர்கள் வீட்டில் உட்கார்ந்து அந்தக் காலி வரிசைகளைப் பார்க்க வேண்டியிருந்தது.

முதலில் எல்லோரும் ஸ்பான்சர் நிறுவனங்களைத்தான் திட்டினார்கள். அமைப்புக் குழுத் தலைவர் செபாஸ்டியன் கோ தந்த விளக்கம் வேறு. காலியாக இருந்தவற்றில் பெரும்பகுதி, அடையாள அட்டை வைத்திருப்பவர்களுக்கான இடங்கள்: பன்னாட்டுச் சம்மேளனங்களின் நிர்வாகிகள், தேசிய ஒலிம்பிக் குழுக்களைச் சேர்ந்தவர்கள், ஊடகத்தார், வீரர்கள். இவர்களுக்குக் கழுத்தில் தொங்கும் அட்டையே அனுமதி. எப்போது வந்தாலும் உட்கார இடம் இருக்க வேண்டும் என்பதற்காகப் பகுதி பகுதியாக நாற்காலிகளை ஒதுக்கி வைக்கிறார்கள். காலைத் தகுதிச் சுற்றுக்கு வராதவர் மாலை இறுதிப் போட்டிக்கு வரலாம். வேறொரு அரங்குக்குப் போய்விட்டு இங்கே வராமலே இருக்கலாம். வராததால் அவருக்குச் சல்லிக்காசு நஷ்டமில்லை. ராணுவ வீரர்களையும் ஆசிரியர்களையும் மாணவர்களையும் அழைத்து வந்து அந்த இடங்களை நிரப்பினார்கள். சம்மேளனங்களிடமிருந்து சில ஆயிரம் டிக்கெட்டுகளைத் திரும்பப் பெற்று இரவோடு இரவாக விற்றார்கள். முதல் இரண்டு நாள் அவமானம் இல்லாமல் இருந்திருந்தால் அதுவும் நடந்திருக்காது.

விளையாட்டு அரங்குகளில் திரும்பத் திரும்ப நடப்பது இதுதான். நாற்காலி காலியாக இருப்பதால் யாருக்கு வலிக்கிறது என்று பாருங்கள். இலவசமாகப் பெற்றவருக்கு வலிக்காது. விற்றவருக்குப் பணம் முன்பே வந்துவிட்டது. பணம் கொடுத்துவிட்டு வராதவருக்கு லேசாக வலிக்கும். முழு வலியும் டிக்கெட் கிடைக்காமல் வெளியே நிற்கும் ரசிகருக்கு. அவர் எந்தக் கணக்கிலும் இல்லை. முன்கூட்டியே மொத்தமாக ஒதுக்கியும் விற்றும் முடித்துவிடும் வழக்கத்தின் அடிப்படைக் கோளாறு அந்த இடத்தில் இருக்கிறது.

ஆனால் அந்த வழக்கத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. இங்கிலாந்தின் கால்பந்துக் கிளப்புகள் சீசன் டிக்கெட் விற்றுத்தான் வளர்ந்தன. ஆட்டம் தொடங்கும் முன்பே, கோடைக் காலத்திலேயே கையில் பணம் வருகிறது. அணி தோற்றாலும் மழை பெய்தாலும் வருமானம் உறுதி. ரசிகருக்கும் லாபம் உண்டு. ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்காக உட்கார்கிறார். பக்கத்து நாற்காலிக்காரர் நண்பராகிறார். தந்தையின் இருக்கை மகளுக்கு வருகிறது. கிளப்பைத் தன்னுடையதென்று உரிமையோடு பேசும் கூட்டம் இப்படித்தான் உருவானது. 2007-இல் திறந்த புதிய வெம்ப்ளி அரங்கைக் கட்டிய கடனை அடைக்கும் பொறுப்பின் பெரும்பங்கை நடு அடுக்கில் உள்ள சுமார் 17,000 உயர்விலை இருக்கைகளே சுமந்தன. பல ஆண்டு உரிமத்துக்கு அவற்றை வாங்கியவர்கள் இல்லாமல் அந்த அரங்கே இல்லை. இடைவேளை முடிந்து ஆட்டம் தொடங்கிய பிறகும் உணவுக்கூடத்திலிருந்து அவர்கள் திரும்பி வராததால், மைதானத்தைச் சுற்றி ஒரு காலி வளையம் தெரிவதும் அதே அரங்கில்தான்.

சீசன் டிக்கெட்டின் குறை அதன் பலத்திலிருந்தே முளைக்கிறது. பெரிய கிளப்புகளில் காத்திருப்போர் பட்டியல் பல ஆண்டு நீளும். ஒருமுறை விட்டால் மறுபடி கிடைக்காது என்ற பயத்தில், பாதி ஆட்டங்களுக்கு வர முடியாதவரும் ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறார். தொலைக்காட்சிக்காக ஆட்டத்தைத் திங்கள் இரவுக்கு மாற்றினால், வெளியூர்க்காரர் மறுநாள் வேலையை நினைத்து வீட்டிலேயே இருந்துவிடுகிறார். ஆக, டிக்கெட் அரிதாக இருப்பதுதான் நாற்காலியைக் காலியாக்குகிறது. அதிகம் பேர் ஆசைப்படும் அரங்கில் காலியிடம் இருப்பது எப்படி என்று வியக்கிறோம். அவ்வளவு பேர் ஆசைப்படுவதால்தான் யாரும் கையிலிருப்பதை விடுவதில்லை.

இதை மறைப்பது எளிது. இங்கிலாந்துக் கிளப்புகள் அறிவிக்கும் பார்வையாளர் எண்ணிக்கை பெரும்பாலும் விற்ற டிக்கெட்டுகளின் எண்ணிக்கை. 2018 மார்ச் முதல் நாள், கடும் பனிப்பொழிவில், மான்செஸ்டர் சிட்டியிடம் ஆர்சனல் 3-0 எனத் தோற்ற இரவில் அறிவித்த எண்ணிக்கை 58,000-ஐத் தாண்டியது. அரங்கைப் பார்த்தவர் எவரும் அதை நம்பவில்லை. வெஸ்ட் ஹாம் கிளப் 2017-18 சீசனில் சொன்ன சராசரி சுமார் 55,000. உள்ளூர் நகராட்சியிடம் இருந்த கணக்கில் சராசரி 43,000-ஐக்கூட எட்டவில்லை. ஏறத்தாழ 12,000 பேர் காகிதத்தில் மட்டும் ஆட்டம் பார்த்திருக்கிறார்கள். இதில் கவனிக்க வேண்டியது, உண்மையான எண் எப்போதும் யாரோ ஒருவரிடம் இருக்கிறது என்பதே. தீ விபத்தோ நெரிசலோ வந்தால் உள்ளே எத்தனை உயிர்கள் என்று அதிகாரிகளுக்குத் தெரிந்தாக வேண்டும். நுழைவாயிலில் எண்ணுகிறார்கள். வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான்.

வர முடியாதவர் தன் இடத்தை விட்டுக்கொடுக்க வழி செய்தால் தீர்ந்துவிடாதா? பார்சிலோனா அதைச் செய்தது. வர முடியாத உறுப்பினர் தன் இருக்கையை விடுவித்தால், கிளப் அதை விற்று வருமானத்தில் பங்கு தரும். நல்ல ஏற்பாடு. ஆனால் 2022 ஏப்ரல் 14 அன்று ஐன்ட்ராக்ட் ஃபிராங்க்ஃபர்ட் அணிக்கு எதிரான ஐரோப்பா லீக் காலிறுதியில் நடந்ததைப் பாருங்கள். விருந்தினர் அணிக்கு ஒதுக்கியது 5,000 இடங்கள். வந்த ஜெர்மானியர்களோ சுமார் 30,000 பேர். உள்ளூர்க்காரர்கள் கைமாற்றிய டிக்கெட்டுகள் பல வழிகளில் அவர்களிடம் போய்ச் சேர்ந்திருந்தன. சொந்த ஊரில் வெளியூர் அணியைப்போல ஆடிய பார்சிலோனா 3-2 எனத் தோற்றது. வெட்கமாக இருக்கிறது என்று கிளப் தலைவர் லப்போர்ட்டா வெளிப்படையாகச் சொன்னார். நாற்காலி நிரம்பினால் போதுமா, யாரால் நிரம்புகிறது என்பதும் முக்கியமா? இரண்டும் முக்கியம் என்றே நினைக்கிறேன். கட்டுப்பாடில்லாத மறுவிற்பனை, பிளாக்கில் விற்பவனுக்குக் கதவைத் திறந்துவிடும். அவன் பதுக்கி வைத்து விலைபோகாமல் நின்ற டிக்கெட்டும் கடைசியில் காலி நாற்காலிதான்.

எனக்குத் தெரிந்து இந்தச் சிக்கலுக்கு நேர்த்தியான விடை விம்பிள்டனில் இருக்கிறது, அதுவும் 1954 முதல். சென்டர் கோர்ட்டிலிருந்து சீக்கிரம் கிளம்புபவர்கள் தங்கள் டிக்கெட்டை விட்டுவிட்டுப் போகிறார்கள். அதே வளாகத்துக்குள் காத்திருப்பவர்களுக்கு அது குறைந்த விலையில் உடனே விற்கப்படுகிறது. பணம் அறச்செயல்களுக்குப் போகிறது. யாரும் லாபம் பார்ப்பதில்லை என்பதால் கள்ளச்சந்தைக்கு இடமே இல்லை. நம் ரயில்களில் சார்ட் போட்ட பிறகு, வராத பயணியின் படுக்கையை டி.டி.இ. ஆர்.ஏ.சி. பயணிக்குக் கொடுப்பது நமக்கெல்லாம் பழகிய காட்சி. அந்த எளிய நியாயம் விளையாட்டு அரங்குக்குள் மட்டும் ஏன் நுழைவதில்லை?

இந்தியாவில் நுழையாததற்குக் காரணம் பாஸ். இங்கே சீசன் டிக்கெட் சிறிய விஷயம்; ஓ.சி. பாஸ்தான் பெரிய விஷயம். நீதிபதி லோதா குழுவின் சீர்திருத்தங்களை ஒட்டி 2018-இல் வந்த இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் புதிய விதிகள், 90 விழுக்காடு டிக்கெட்டுகள் பொதுமக்களுக்கே என்றன. மிச்சமுள்ள 10 விழுக்காட்டுக்குள் இலவசப் பாஸ் முழுதும் அடங்க வேண்டும். இரண்டே மாதத்தில் மோதல் வந்தது. 2018 அக்டோபரில் இந்தூரில் நடக்கவிருந்த இந்தியா–மேற்கிந்தியத் தீவுகள் ஒருநாள் ஆட்டத்தின் இலவசப் பாஸ்களில் வாரியம் பங்கு கேட்க, மத்தியப் பிரதேசச் சங்கம் மறுத்தது. உறுப்பினர்களையும் அரசுத் துறைகளையும் கவனிக்க வேண்டியிருக்கிறது என்பது அதன் வாதம். ஆட்டம் விசாகப்பட்டினத்துக்குப் போனது. கோலி 10,000 ஓட்டங்களைக் கடந்து 157 அடித்து ஆட்டமிழக்காமல் நின்றதும், கடைசிப் பந்தில் ஆட்டம் சமன் ஆனதும் அங்கேதான். பாஸ் தகராறில் இந்தூர் ரசிகர்கள் இழந்தது அத்தகைய ஓர் ஆட்டத்தை.

சங்கத்தின் வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. காவல் துறையும் மின்வாரியமும் மாநகராட்சியும் ஒத்துழைக்காமல் இங்கே ஒரு ஆட்டம் நடக்காது. ஆண்டு முழுக்க லீக் கிரிக்கெட்டைக் கைக்காசு போட்டு நடத்தும் கிளப்புகளுக்குச் சில டிக்கெட்டுகள் போவதையும் குறை சொல்ல மாட்டேன். அஸ்வின் போன்றவர்கள் அந்த லீக்கில் வளர்ந்து வந்தவர்கள். ஆனால் வேலையைச் செய்ததற்கு நன்றியாகத் தரும் பாஸ் வேறு, பதவிக்கு மரியாதையாகத் தரும் பாஸ் வேறு. 2023 ஏப்ரலில், சேப்பாக்கம் ஐ.பி.எல். ஆட்டங்களுக்குச் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு டிக்கெட் வேண்டும் என்ற கோரிக்கை தமிழ்நாடு சட்டமன்றத்திலேயே எழுந்தது. அன்றைய விளையாட்டுத் துறை அமைச்சர் உதயநிதி, வாரியச் செயலாளர் ஜெய் ஷாவிடம் கேட்டுப் பெறுங்கள் என்று எதிர்க்கட்சிக்குப் பதில் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். டிக்கெட்டுக்காக வாலாஜா சாலையில் விடிய விடிய நிற்பவனுக்கு அதில் சிரிக்க என்ன இருக்கிறது?

மரியாதைப் பாஸ் வாங்கியவர் வராமல் போவது இயல்பு. அவருக்கு வேண்டியிருந்தது ஆட்டம் அல்ல, பாஸ் தன்னைத் தேடி வந்தது என்ற திருப்தி. அது கைக்கு வந்ததுமே நிறைவேறிவிடுகிறது.

காலி நாற்காலி எல்லாமே அநீதி என்று சொல்லவில்லை. பகல் இரண்டு மணி வெயிலில், கூரையில்லாத கேலரியில் எட்டு மணி நேரம் உட்கார யாராலும் முடியாது. பாதிப் பேர் வெயில் தாழ்ந்த பிறகு வருகிறார்கள். சைட் ஸ்க்ரீனுக்குப் பின்னாலும் கேமரா மேடைகளுக்கு அருகிலும் விற்கவே கூடாத இடங்கள் உண்டு. 2023 உலகக் கோப்பைத் தொடக்க ஆட்டத்தில் அகமதாபாத் அரங்கு வெறிச்சோடியதற்கும் ஒரு பகுதி நியாயமான காரணங்கள் இருந்தன: வியாழக்கிழமை மதியம், இங்கிலாந்தும் நியூசிலாந்தும் ஆட்டம், 1,32,000 பேர் அமரும் இடம். ஆனால் அந்தத் தொடரின் டிக்கெட் ஏற்பாட்டுக்கு எந்தச் சமாதானமும் இல்லை. அட்டவணையே நூறு நாளுக்கு முன்புதான் வந்தது. பிறகு அதையும் மாற்றினார்கள். ஆகஸ்ட் இறுதியில் விற்பனை தொடங்கியபோது இணையத்தில் மணிக்கணக்காகக் காத்திருந்தவர்கள் வெறுங்கையோடு திரும்ப, செப்டம்பர் முதல் வாரத்தில் இன்னும் 4 லட்சம் டிக்கெட்டுகள் வெளிவரும் என்று வாரியம் அறிவித்தது. அவை அதுவரை எங்கே இருந்தன? போதாக்குறைக்கு, மின்-டிக்கெட் செல்லாது, காகித டிக்கெட்தான் வேண்டும் என்றார்கள். வர முடியாதவர் நாகரிகமாகத் திருப்பித் தரும் ஒரே வழியும் அதோடு அடைபட்டது.

சேப்பாக்கத்துக்காரர்களுக்குக் காலி நாற்காலி புதிதல்ல. 2011 உலகக் கோப்பைக்காகக் கட்டிய ஐ, ஜே, கே ஸ்டாண்டுகள் அனுமதிச் சிக்கலில் பூட்டப்பட்டு ஆண்டுக்கணக்காகச் சுமார் 12,000 இடங்கள் வெறுமனே கிடந்தன. 2019 ஐ.பி.எல். இறுதியாட்டம் அதனாலேயே ஹைதராபாத்துக்குப் போனது. அந்தப் பூட்டு கண்ணுக்குத் தெரிந்தது. அதனால் கேள்வி கேட்டோம், செய்தி எழுதினோம், வழக்காடினோம், கடைசியில் திறந்தது. பாஸ் போடும் பூட்டு கண்ணுக்குத் தெரிவதில்லை. 1999 ஜனவரியில் பாகிஸ்தான் 12 ஓட்டங்களில் டெஸ்ட்டை வென்றபோது எழுந்து நின்று கைதட்டி வாசிம் அக்ரமின் அணியை மைதானத்தைச் சுற்றி வரவைத்தது இந்த அரங்கின் கூட்டம். அந்தக் கைதட்டல் மரியாதைப் பாஸில் வந்தவர்களால் மட்டும் எழுந்திருக்காது. கிரிக்கெட் தெரிந்த, காத்திருந்து உள்ளே வந்த மனிதர்களை வெளியே நிறுத்தினால் அரங்கு இழப்பது அதைத்தான்.

என் தீர்ப்பு இது. சீசன் டிக்கெட்டும் கிளப் ஒதுக்கீடும் இருக்கட்டும்; வராதவர் உரிய நேரத்துக்குள் இடத்தைத் திருப்பித் தர வேண்டும், வாங்கிய விலைக்கு மேல் யாரும் விற்கக் கூடாது, தொடர்ந்து வராதவர் உரிமையை இழக்க வேண்டும் என்ற நிபந்தனைகளோடு. பதவிக்காகத் தரும் பாஸ் அடியோடு ஒழியட்டும். எத்தனை டிக்கெட் விற்றது, எத்தனை இலவசமாகப் போனது, எத்தனை பேர் வாயிலைக் கடந்தார்கள் என்பதை ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் சங்கங்கள் வெளியிடட்டும். இப்போது டிக்கெட்டெல்லாம் வாயிலில் ஸ்கேன் ஆகிறது. இந்த எண்களைத் தர ஒரு மணி நேரம்கூட ஆகாது. அடுத்த ஆட்டத்துக்கு இணையத்தில் வரிசையில் நின்று ஏமாறும்போது சர்வரைத் திட்டி நிறுத்திக்கொள்ளாதீர்கள். அந்த எண்களைச் சங்கத்திடம் எழுதிக் கேளுங்கள், பதில் வரும்வரை கேளுங்கள்.