பனி என்றால் எந்தப் பனி? வால்பாறையில் ஒரு 'விண்டர் தீம்' வாசிப்பு வட்டம்

டிசம்பர் பிறந்தால் போதும், வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப் சுற்ற ஆரம்பித்துவிடும். நாலு வயதிலிருந்து எட்டு வயது வரை உள்ள பிள்ளைகளுக்கான 'விண்டர் தீம்' வாசிப்பும் கைவேலையும். பஞ்சு ஒட்டிய பனிமனிதன், வெள்ளைத்தாளில் வெட்டிய பனிப்பூ, பென்குயின் முகமூடி, காகிதக் கையுறை. கூடவே சில ஆங்கிலப் படக்கதைகளின் பட்டியல். வால்பாறையில் ஒரு எஸ்டேட் லைன் வீட்டுப் பிள்ளைகளோடு சனிக்கிழமைகளில் கதை படிக்கிற ஆள் நான். எனக்கும் ரெண்டு மூணு பேர் அனுப்பினார்கள். "உங்க ஊரு குளிருக்கு கரெக்டா இருக்கும்" என்று குறிப்பு வேறு.

கரெக்டா இருக்கிறதா என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறேன். ஒரு புத்தகத்துக்கு விமர்சனம் எழுதுகிற மாதிரி ஒரு பாடத்திட்டத்துக்கும் எழுதலாம். யாரை மனதில் வைத்து எழுதினார்கள், படிக்கிறவருக்கு ஏற்கெனவே தெரிந்ததை மதிக்கிறதா என்ற கேள்விகள் ரெண்டுக்கும் பொதுவானவை.

முதல் சிக்கல் சொல்லில் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஸ்னோ, ஃப்ராஸ்ட், டியூ, மிஸ்ட் என்று நாலு தனிச்சொல். தமிழில் நாலுக்கும் அடியில் 'பனி' நிற்கிறது. வெண்பனி, உறைபனி, பனித்துளி, மூடுபனி என்று முன்னும் பின்னும் ஒட்டித்தான் பிரிக்கிறோம். பேச்சில் அதுவும் கிடையாது, வெறும் பனிதான். ஒரு பையன் பனியைக் கையில் அள்ளி உருண்டை பிடித்தான் என்று கதையில் படித்ததும் ஆறு வயசுக்காரி ஒருத்தி கேட்டாள்: "பனிய எப்படிக்கா கையில புடிப்பாங்க? உள்ள பூந்து நடக்கத்தான முடியும்?" அவளுக்குப் பனி என்பது காலையில் லைன் வீட்டு வாசலில் வந்து நிற்கிற மூடுபனி. அவள் கேட்டது நியாயமான கேள்வி. பிடிஎஃப்பில் அதற்கு இடம் இல்லை. ஸ்னோ என்றால் என்ன என்று எல்லாப் பிள்ளைக்கும் தெரியும் என்று அது எடுத்துக்கொள்கிறது.

நம் பழைய கணக்கில் பருவம் ஆறு. அதில் பனிக்கு மட்டும் ரெண்டு: மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி. வெண்பனி விழாத நாட்டில் பனியை ரெண்டு பருவமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள் என்றால், கவனிக்க அதில் அவ்வளவு விஷயம் இருந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்? பிள்ளைகளுக்கான 'விண்டர்' அங்கிருந்து தொடங்கலாமே என்பதுதான் என் வாதம்.

அடுத்தது கைவேலை. பனிப்பூ செய்முறையைப் பாருங்கள். சதுரத் தாளை நாலாக மடி, குறுக்கே ஒரு மடிப்பு, ஓரத்தை வெட்டு, விரி. அழகாக வரும். ஆனால் அதில் நாலு கையோ எட்டு கையோதான் இருக்கும். நிஜப் பனிப்படிகம் பெரும்பாலும் ஆறு கைக்காரன். உறையும்போது நீர் மூலக்கூறுகள் அறுகோணமாக அடுக்கிக்கொள்வதால் வருவது அது. ஏன் எப்போதும் ஆறு என்று கெப்ளர் 1611லேயே ஒரு சின்ன நூல் எழுதியிருக்கிறார். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்து விவசாயி வில்சன் பென்ட்லி 1885இல் ஒரு தனிப் பனிப்படிகத்தை முதன்முதலில் படம் பிடித்தார். வாழ்நாளில் 5,000க்கும் மேல் எடுத்தார். பிடிஎஃப்பில் இந்த ஆளைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. தாளைப் பாதியாக மடித்து, அதை மூன்றாக மடித்து, இன்னொரு முறை பாதியாக மடித்தால் ஆறு கை வந்துவிடும். ஆறு வயசுப் பிள்ளைக்கு மூன்றாக மடிப்பது கொஞ்சம் கஷ்டம்தான், பக்கத்தில் ஒரு பெரியவர் வேண்டும். ஆனாலும் பனி விழாத ஊரில் பனியைச் சொல்லிக் கொடுக்கும்போது குறைந்தது சரியான பனியைச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் சரிபார்க்க இங்கே வெளியே போய்ப் பார்க்கவும் வழியில்லை.

இதனால் வெளிநாட்டுப் பனிக்கதையே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எஸ்ரா ஜாக் கீட்ஸ் 1962இல் எழுதி வரைந்த 'தி ஸ்னோயி டே' அந்தப் பட்டியலில் இருக்கிறது. பட்டியலின் மதிப்பே அந்த ஒரு புத்தகம்தான். பீட்டர் என்ற கறுப்பினச் சிறுவன் சிவப்பு உடுப்பு போட்டுக்கொண்டு நகரத் தெருவில் பனியில் நடக்கிறான். காலடித் தடம் பதிக்கிறான், குச்சியால் மரத்தைத் தட்டுகிறான், ஒரு பனி உருண்டையைப் பாக்கெட்டில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருகிறான். அது கரைந்து போகிறது. கதை அவ்வளவுதான். கறுப்பினப் பிள்ளைகள் படக்கதைகளில் நாயகர்களாக அநேகமாக வராத காலத்தில் வந்தது. அடுத்த வருஷம் கால்டெகாட் பதக்கம் வாங்கியது.

இந்தப் புத்தகம் வால்பாறையிலும் வேலை செய்கிறது. பீட்டருக்கு யாரும் பனியைப் பற்றிப் பாடம் எடுப்பதில்லை. அவன் வாசலைத் தாண்டி, அன்றைக்கு என்ன மாறியிருக்கிறது என்று உடம்பால் கண்டுபிடிக்கிறான். காணாமல் போன உருண்டைதான் பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொண்டது. கேள்வி கேட்ட அதே பிள்ளை, "ஐஸ் மாதிரியா? அப்ப பாக்கெட் நனஞ்சிருக்குமே" என்றாள். வெண்பனி என்ற சொல்லுக்கு அர்த்தம் அங்கே பிடிபட்டுவிட்டது. பிடிஎஃப் இந்தப் புத்தகத்துக்குக் கொடுத்த கைவேலை என்ன தெரியுமா? பீட்டரின் சிவப்பு உடுப்புக்கு வண்ணம் தீட்டுவது. புத்தகம் வெளியே போ என்கிறது, கைவேலை உட்கார் என்கிறது.

வால்பாறையில் வெளியே போனால் என்ன இருக்கும்? டிசம்பர் காலையில் தேயிலைச் செடிகள் மேல் சிலந்தி வலைகள். மற்ற மாதங்களில் கண்ணுக்குத் தெரியாத வலை, பனித்துளி கோத்ததும் வெள்ளிக் கம்பியாகத் தெரியும். அட்டையில் நூலை ஒட்டி, நூல் மேல் பசையால் புள்ளி வைத்தால் கைவேலை முடிந்தது. (பசை காய இங்கே மற்ற ஊரைவிட நேரம் எடுக்கும். அதைத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.) ஓடைக்கரையில் வாலை ஆட்டிக்கொண்டே நிற்கிற சாம்பல் வாலாட்டி இமயமலைப் பக்கமிருந்து செப்டம்பர் வாக்கில் வந்து இறங்குகிற பறவை. நிஜமாகவே பனி விழுகிற ஊர்க்காரன். பென்குயினுக்குப் பதில் இவனுக்கு முகமூடி செய்தால், பிள்ளைகள் திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போகிற வழியில் ஆளை நேரில் பார்க்கலாம்.

உறைதல் என்றால் என்ன என்று சொல்ல பனிமனிதன் தேவையே இல்லை. தேங்காய் எண்ணெய் போதும். சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் அது உறையும். இங்கே மார்கழி இரவில் 10, 12 டிகிரி வாக்கில் போகிறது. பாட்டிலை அடுப்புப் பக்கம் வைத்து எண்ணெயை இளக்குவது இந்தப் பிள்ளைகளுக்குத் தினப்படி வேலை. ஒரு பாட்டிலை நிழலிலும் ஒன்றை வெயிலிலும் வைத்துவிட்டு, எது முதலில் இளகும் என்று பந்தயம் கட்டச் சொல்லுங்கள். விஞ்ஞானமும் வந்துவிடும், சத்தமும் வந்துவிடும்.

குளிர் என்பது இங்கே அழகு மட்டும் கிடையாது. அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் 1969இல் எழுதிய 'ரெட் டீ' நாவல், இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' ஆனது. சமவெளியின் வெயிலிலிருந்து வந்தவர்களை இந்தக் குளிரும் மழையும் என்ன செய்தன என்பது அதில் இருக்கிறது. 1951ஆம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டம், மழைக்கும் குளிருக்கும் குடை, கம்பளி, மழைக்கோட்டு கொடுக்கச் சொல்லி விதி செய்ய மாநில அரசுகளுக்கு இடம் கொடுத்தது. கம்பளியைச் சட்டத்தில் எழுத வேண்டியிருந்தது. அந்த நாவல் பெரியவர்களுக்கு. ஆனால் "பாட்டி, நீங்க மொத மொத வந்தப்ப குளிருக்கு என்ன போர்த்துனீங்க?" என்று ஆறு வயசுப் பிள்ளை வீட்டில் கேட்டு வரலாம். ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளும் வட்டத்தில் இருக்கிறார்கள். அவர்கள் ஊர்க் குளிருக்கு அவர்கள் மொழியில் என்ன சொல் என்று கேட்டாலே சுவரில் ஒட்ட ஒரு சார்ட் கிடைத்துவிடும். காகிதக் கையுறை வெட்டுகிற அதே நேரம்தான் இதற்கும் ஆகும்.

கடைசியாக ஒன்று. என் கணக்கில் இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். பிடிஎஃப் வட்டத்தை 'மாலை 5 முதல் 6.30 வரை, விளக்கு அலங்காரத்தோடு' நடத்தச் சொல்கிறது. சமவெளியில் மாலை வகுப்பு நல்ல யோசனைதான். 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி மையங்கள் மாலையில் நடந்ததற்குக் காரணம் உண்டு. வால்பாறையில் டிசம்பரில் 6 மணிக்கெல்லாம் சூரியன் போய்விடும், மூடுபனி இருந்தால் அதற்கு முன்பே இருட்டு. லைன் வீட்டை ஒட்டித் தேயிலை, தேயிலையை ஒட்டிக் காடு. 2025இல் மட்டும் இங்கே மாலை நேரத்தில் வீட்டுப் பக்கத்திலேயே பிள்ளைகள் காட்டு விலங்குகளிடம் உயிரிழந்திருக்கிறார்கள். யானை நடமாட்டத்தை எச்சரிக்கிற சிவப்பு விளக்கு எதற்கு எரிகிறது என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதுதான் இந்த ஊரின் குளிர்கால விளக்கு. குளிர்காலம் என்று பேர் வைத்துவிட்டு, பொழுது சீக்கிரம் சாயும் என்பதை மறக்கிற திட்டத்துக்குக் குளிர்காலத்தைப் பற்றி என்ன தெரியும்?

ஆகவே நடத்த நினைப்பவர்களுக்கு என் பரிந்துரை: சனிக்கிழமை காலை 10 மணி, வெயில் ஏறிய பிறகு. முதல் வாரம் சிலந்தி வலை, ரெண்டாவது தேங்காய் எண்ணெய், மூணாவது வாலாட்டி, நாலாவது பாட்டியின் கம்பளி. பீட்டர் கதையை மூணாவது வாரம் படியுங்கள். பனி விழுகிற ஊரிலிருந்து வந்த பறவையைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகளுக்கு, அந்த ஊரில் தரை எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள ஆசை வந்திருக்கும். ஆறு கைப் பனிப்பூவையும் அன்றைக்கே வெட்டலாம். பன்னிரண்டு மணிக்கு முடித்து, சின்னப் பிள்ளைகளை வீட்டு வாசல் வரை கொண்டுபோய் விடுங்கள்.