மொழியறியா ஊடகமும் இலங்கைச் சமூகமும்

இணையத்தினாற் சமூகத்துக்கு விளையும் கேடுகள் பற்றிப் பாடசாலைக் கட்டுரைகள் தொட்டுப் பட்டிமன்றங்கள் வரை கூறப்படுவன பெரும்பாலும் ஒரே வார்ப்பில் அமைந்தவை. மாணவர் படிப்பைக் கைவிடுகின்றனர், இளைஞரிடத்து ஒழுக்கம் குன்றுகிறது, ஒரே வீட்டில் வாழ்வோர் ஒருவரோடொருவர் பேசுவதில்லை என்பன வழக்கமான குற்றச்சாட்டுகள். இவற்றில் உண்மையே இல்லை என்பதற்கில்லை. ஆயின், திரைப்படம் வந்தபோதும் தொலைக்காட்சி வந்தபோதும் இதே குறைகள் ஏறத்தாழ இதே சொற்களிற் கூறப்பட்டன. கேட்டினைத் தனிமனித ஒழுக்கத்தின் சிக்கலாக மட்டும் நோக்கும் இம்முறை, கடந்த பத்தாண்டில் இலங்கையில் உயிர்கள் போனமையையும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தமையையும் விளக்கப் போதுமானதன்று.

2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு அம்பாறை நகரில் நிகழ்ந்ததை இங்கு நோக்கலாம். முஸ்லிம் ஒருவரின் உணவகத்திற் கறியினுள் மாக்கட்டி ஒன்று காணப்பட்டது. சிங்களவரை மலடாக்கும் மருந்து அதிற் கலக்கப்பட்டுள்ளதெனச் சாப்பிட வந்தவர் கூச்சலிட்டார். காசாளராக இருந்தவரோ தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர். சிங்களம் அவருக்குச் சரிவரத் தெரியாது. சூழ்ந்து நின்றோர் மிரட்டிக் கேட்ட கேள்வியின் பொருள் விளங்காமலே, போட்டது உண்மை எனப் பொருள்படும் விடையொன்றை அவர் அளித்தார். அவ்விடை ஒளிப்பதிவாகி முகநூலிற் பரவியது. கடைகள் தாக்கப்பட்டன, பள்ளிவாசல் சேதமாக்கப்பட்டது. உணவிற் கண்டது வெறும் மாவே என்று அரச இரசாயனப் பகுப்பாய்வுத் திணைக்களம் பின்னர் உறுதிப்படுத்தியது. மனிதரை நிரந்தரமாக மலடாக்கும் அத்தகைய மாத்திரை உலகில் எங்கும் இல்லை என மருத்துவ அறிஞரும் எடுத்துரைத்தனர். அவ்விளக்கங்கள் ஒளிப்பதிவு சென்ற தூரத்தில் ஒரு பங்கேனும் சென்றதாகத் தெரியவில்லை.

வதந்தி இணையத்தின் கண்டுபிடிப்பன்று. 1983 யூலை 29ஆம் திகதி வெள்ளிக்கிழமை, புலிகள் கொழும்புக்குள் வந்துவிட்டனர் என்ற பொய்ச் செய்தி வாய்மொழியாகவே பரவி, ஓய்ந்திருந்த கொலைகளை மீண்டும் மூட்டியது. அன்று கணினியும் இல்லை, கைத்தொலைபேசியும் இல்லை. எனவே இணையம் வந்ததனாற்றான் இனப்பகை வந்தது என்பார் கூற்று வரலாற்றறிவின்மையின்பாற்படும். புதிதாக வந்தது வேறு. வாய்மொழி வதந்தி அதனைக் கேட்டவரோடு தேய்ந்து மறையும். அதனாற் காசு சம்பாதிப்பார் எவருமிலர். முகநூலிலோ வதந்தி ஒரு பண்டம். ஒரு பதிவை எத்தனை பேர் நின்று பார்க்கின்றனர், எத்தனை பேர் சினந்து மறுமொழி எழுதுகின்றனர் என்பதே விளம்பர வருவாயை நிர்ணயிக்கிறது. 2017இலிருந்து, பதிவொன்றுக்குச் சினக்குறி இடுதலானது விருப்பக்குறியிலும் ஐந்து மடங்கு மதிப்புடையதாகக் கணிக்கப்பட்டு, அதற்கேற்ப அப்பதிவு பிறர் முன் வைக்கப்பட்டது. நிறுவனத்தின் அக ஆவணங்கள் 2021இல் வெளியானபோதே இவ்வுண்மை பொதுமக்களுக்குத் தெரியவந்தது. சினத்துக்கு ஐந்து பங்கு, விருப்புக்கு ஒரு பங்கு என்ற இக்கணக்கை வகுத்தோர் அம்பாறையை அறிந்திருக்க வேண்டியதில்லை. அறியாதிருந்தமையே அவர்களின் வணிகத்துக்கு வசதியாயிற்று.

அவ்வறியாமை எத்தகையது என்பதனைக் கண்டி மாவட்டம் கண்டது. சிங்களச் சாரதி ஒருவர் தாக்கப்பட்டு இறந்ததனைத் தொடர்ந்து, 2018 மார்ச் மாதத் தொடக்கத்தில் திகன, தெல்தெனியப் பகுதிகளில் முஸ்லிம்கள் மீது வன்முறை கட்டவிழ்த்து விடப்பட்டது. எரியூட்டப்பட்ட வீட்டினுட் சிக்கி இளைஞர் ஒருவர் மாண்டார். முஸ்லிம்களைச் சிசுவும் எஞ்சாது கொல்லுமாறு கூறிய சிங்களப் பதிவொன்றைப் பற்றி முகநூல் நிறுவனத்திடம் முறையிட்டவருக்கு, அது தமது விதிகளை மீறவில்லை என்ற பதிலே கிடைத்தது. சிங்களம் படித்தறியக்கூடிய பணியாளர் போதியளவு அங்கு இருக்கவில்லை. அறியாது நேர்ந்த பிழை என்று இதனைத் தள்ளிவிட இயலாது. மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் இலங்கை முகநூலின் வெறுப்புப் பேச்சுப் பற்றிய ஆய்வை 2014ஆம் ஆண்டிலேயே வெளியிட்டிருந்தது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டதோ 2020 மே மாதத்தில். ஒரு நாட்டின் மொழியைப் படிக்க ஆள் வைக்காமலே அந்நாட்டிற் கடை திறக்கலாம் என்ற நிலை வேறெந்த வணிகத்திலும் பொறுக்கப்படுவதில்லை.

தமிழின் நிலையும் இதனின் வேறன்று. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று 250க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட குண்டுத் தாக்குதல்களின் தலைவன் சஹ்ரான் ஹாஷிம், தனது வெறுப்புப் போதனைகளை நிகழ்த்தியது தமிழிலேயே. அவை முகநூலிலும் யூடியூபிலும் உலவின. அவனைப் பற்றி முஸ்லிம் சமூகத்தினரே அதிகாரிகளை முன்னதாக எச்சரித்திருந்தனர். இணையத்தில் தமிழ் வளர்கிறது என்று பெருமை பேசுவோர், அங்கு வளரும் தமிழ் எது என்று வினவுவதில்லை.

தாக்குதலுக்கு மூன்று வாரங்களின் பின், மே 12ஆம் திகதி, சிலாபத்தில் நேர்ந்ததும் மொழி பற்றியதே. முகநூல் வாக்குவாதமொன்றில், அதிகம் சிரியாதே, ஒருநாள் அழுவாய் என்ற கருத்துப்பட முஸ்லிம் வணிகர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதிய சிறுவாக்கியம், வரவிருக்கும் தாக்குதலின் முன்னறிவித்தலாக விளங்கிக்கொள்ளப்பட்டது. மறுநாள் வன்முறை மினுவாங்கொடை வரை பரவிற்று. அம்பாறையில் ஒருவருக்குச் சிங்களம் விளங்கவில்லை. சிலாபத்தில் அவருடைய ஆங்கிலம் பிறருக்கு விளங்கவில்லை. 1956இன் தனிச் சிங்களச் சட்டத்தின் பின் மொழிவாரியாகத் தனித்தனிப் பாடசாலைகளிற் படித்து வளர்ந்த தலைமுறைகள் ஒருவர் பேச்சை மற்றவர் அறியாதவர்களாயினர். 1987இல் தமிழும் அரச கரும மொழியாக்கப்பட்டமை ஏட்டளவிலேயே பெரிதும் நின்றது. அத்தகைய சமூகத்தின் கையில் இணையம் ஒருவர் சொல்லை ஒரு நொடியில் மற்றவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது; பொருளைச் சேர்க்கவில்லை.

அரசு இதற்குக் கண்ட பரிகாரங்கள் இரண்டு. முதலாவது தடை. 2018 மார்ச் 7ஆம் திகதி தொடங்கி ஒரு வாரமளவிற்குச் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன; 2019இலும் அவ்வாறே. மாற்றுவழி அறிந்தோர் தடையைக் கடந்து உள்ளே சென்றனர். உறவினரின் நலமறிய விரும்பிய எளியோரே வெளியே நின்றனர். இரண்டாவது சட்டம். 2024 சனவரியிற் பாராளுமன்றம் நிறைவேற்றிய நிகழ்நிலைக் காப்புச் சட்டம், எது பொய் எனத் தீர்மானிக்கும் அதிகாரத்தை ஓர் ஆணைக்குழுவிடம் ஒப்படைத்தது. அவ்வதிகாரம் எத்திசையிற் செல்லக்கூடும் என்பதற்கு முன்னுதாரணம் இல்லாமலில்லை. சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார பௌத்த விகாரை வாழ்வைத் தொட்டு எழுதி முகநூலில் வெளியிட்ட சிறுகதைக்காக, குடியியல் மற்றும் அரசியல் உரிமைகள் பற்றிய 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்க் கைதுசெய்யப்பட்டு மாதக்கணக்கிற் சிறையிருந்தார். உரிமைகளைக் காக்கவென இயற்றப்பட்ட சட்டம் அது. கைது நடந்தது 2019 ஏப்ரல் 1ஆம் திகதி. உயிர்த்த ஞாயிறுக்கு இன்னும் இருபது நாட்கள் இருந்தன.