கூல வீதியும் மண்டி மொஹல்லாவும்

மைசூரைப் பற்றி எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் அரண்மனையில் தொடங்கி அரண்மனையிலேயே முடித்து விடுகிறார்கள். 1897-இல் பழைய அரண்மனை எரிந்ததும், ஹென்றி இர்வின் வடிவமைப்பில் 1912-இல் புதியது முடிந்ததும் எல்லாருக்கும் தெரிந்த கதைதான். வடக்கே இருக்கிற மண்டி மொஹல்லாவை யாரும் கண்டுகொள்வதில்லை.

ஊரை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதற்குச் சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையே நமக்குப் பாடம். கண்ணகியைக் கவுந்தியடிகளிடம் விட்டுவிட்டு, கோவலன் மதுரையைத் தெருத்தெருவாகப் பார்க்கிறான். மணி வீதியில் வைரத்தின் குற்றங்கள் பேசப்படுகின்றன. பொற்கடையில் நால்வகைப் பொன்னும் வாங்குபவர் மயங்காதபடி கொடி கட்டிக் காட்டப்படுகின்றன. அந்தக் காலத்து விளம்பரப் பலகை என்றே சொல்லலாம். கூல வீதியில் நிறைகோலும் அம்பணமுமாக ஆட்கள் திரிகிறார்கள்; மிளகு மூட்டையும் தானியக் குவியலும் கிடக்கின்றன.

இதெல்லாம் வெறும் வருணனை, கதைக்கு வேண்டாதது என்று சிலர் சொல்லுவாங்க. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கல்லின் குற்றம் தெரிந்தவர்கள் நிறைந்த அதே ஊரில்தான் ஒரு சிலம்பு சோதிக்கப்படாமல் போகிறது. கண்ணகியின் சிலம்பில் மாணிக்கப் பரல், கோப்பெருந்தேவியின் சிலம்பில் முத்துப் பரல். உள்ளே பரல் என்ன என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கோவலன் உயிர் தப்பியிருக்கும். கடைத்தெருவின் அறிவு அரண்மனை வாசலைத் தாண்டவில்லை. அதைக் காட்டவே இளங்கோவடிகள் நம்மை முதலில் கடைத்தெருவில் நடக்க விடுகிறார் என்பது என் துணிபு.

ஒரு குறையும் சொல்லத்தான் வேண்டும். மூட்டை சுமந்தவன் வாய் திறந்து பேசுவது அந்தக் காதையில் இல்லை.

மண்டி என்றால் மொத்த வியாபாரம் நடக்குமிடம், மொஹல்லா என்றால் குடியிருப்புப் பகுதி. பக்கத்து லஷ்கர் மொஹல்லாவின் பெயரில் படை முகாம் ஒளிந்திருக்கிறது. பெயரே பாதிச் சரித்திரம். மீதிப் பாதி பெரியவர்கள் வாயில் இருக்கிறது. 1956-ம் வருடத்து எடை அளவுச் சட்டத்துக்குப் பிறகு கிலோ வந்து, சேரும் மணங்கும் தராசை விட்டு இறங்கிவிட்டன. அந்தக் கணக்கில் நிறுத்தவர்களும் சுமந்தவர்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள். கன்னடமும் உருதுவும் தமிழும் கலந்து அவர்கள் பேசிய வியாபாரப் பேச்சை இப்போதே கேட்டு எழுதி வைக்க வேண்டும். அரண்மனைக்கு ஏற்கெனவே எத்தனையோ புத்தகங்கள் உண்டு. மண்டிக்கு நாம்தான் எழுத வேண்டும்.