சக்கரக் கத்தியும் கால் அங்குலமும்

மேல்துணி, அடித்துணி, இடையே பஞ்சுப் படலம் என்று மூன்றடுக்காக அமையும் குவில்ட் போர்வையின் அழகில் பெரும்பங்கு, அதன் மேல்துணியில் சதுரமும் முக்கோணமும் சாய்சதுரமுமாகச் சேர்ந்திருக்கும் நூற்றுக்கணக்கான துண்டுகள் முனைக்கு முனை பிசகாமல் பொருந்துவதில் இருக்கிறது. அமெரிக்கக் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக இந்தப் பொருத்தத்தை உண்டாக்கி வந்த முறை எளியது. தைத்து முடிந்தபின் துண்டு என்ன அளவில் நிற்க வேண்டுமோ அந்த அளவுக்கு ஓர் அட்டையை வெட்டி, துணியின் உட்புறத்தில் வைத்து, சுற்றிலும் பென்சிலால் கோடிடுவார்கள். கோட்டுக்கு வெளியே ஏறக்குறையக் கால் அங்குலம் விட்டுக் கத்தரியால் வெட்டுவார்கள். பின்பு இரண்டு துண்டுகளின் கோடுகளையும் குண்டூசியால் ஒன்றின்மேல் ஒன்று நிறுத்திக் கோட்டின் மீதே கையால் தைப்பார்கள். கத்தரி சற்றுக் கோணிப் போனாலும் பாதகமில்லை. துல்லியம் முழுவதும் பென்சில் கோட்டில் இருந்தது. வெட்டிய ஓரத்துக்கு யாதொரு பொறுப்பும் இல்லை.

ரோட்டரி கட்டர் என்று இன்று எல்லோரும் சொல்லும் சக்கரக் கத்தி, அந்தப் பொறுப்பைக் கோட்டிலிருந்து எடுத்து ஓரத்தின்மேல் வைத்தது. அதனால் கிடைத்த வேகத்தைப் பற்றியே பலரும் வியந்து பேசுகிறார்கள். வேகம் இந்த மாற்றத்தின் பலன்களில் ஒன்று, அவ்வளவுதான். இந்தக் கருவியின் குணங்கள், தோஷங்கள் இரண்டுக்கும் காரணம் இந்த ஒரே இடமாற்றம் என்பது என் அபிப்பிராயம்.

ஓசாகா நகரத்து ஓல்ஃபா நிறுவனம் 1979-ல் இதை வெளியிட்டபோது, உடை தைப்போரின் உபயோகமே அதன் நோக்கமாக இருந்தது. அதைப் பற்றிக்கொண்டவர்களோ குவில்ட் தைப்பவர்கள். அதற்குத் தக்க பருவமும் வாய்த்திருந்தது. 1971-ல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் பழைய குவில்ட்டுகளை ஓவியங்களைப் போலச் சுவரில் மாட்டிக் காட்டியிருந்தது. 1976-ல் வந்த இருநூறாவது சுதந்திர ஆண்டு, மறந்துபோன பாட்டிமார் கலையை வீட்டுக்கு வீடு மீண்டும் நினைவூட்டியது. நீண்ட பட்டைகளை முதலில் தையல் இயந்திரத்தில் இணைத்து, இணைத்ததைக் குறுக்கே வெட்டி, மறுபடியும் மாற்றி இணைக்கும் யுக்தியை ஃபுளோரிடாவின் செமினோல் பழங்குடிப் பெண்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கக் காலத்திலேயே கையாண்டிருந்தார்கள். அத்தகைய துரித முறைகளைப் பார்பரா ஜோஹானா போன்றவர்கள் 1970-களில் புத்தகமாக எழுதிப் பரப்பியும் இருந்தார்கள். குறையாக நின்றது ஒன்றே: நீண்ட பட்டையை நேராக வெட்டக் கருவி இல்லை. கத்தரியால் வெட்டினால் அதன் கீழ் அலகு துணியை மேஜையிலிருந்து தூக்கிவிடும். கையால் கிழித்தால் ஓரம் நூல் பிரிந்து இழுபட்டு நிற்கும். சக்கரமோ துணியைத் தூக்குவதில்லை. கிடந்த இடத்திலேயே கிடக்கும் துணிமீது, அடியில் வெட்டுத் தாங்கும் மேட் என்ற விரிப்பும் மேலே கண்ணாடி போன்ற அக்ரிலிக் ஸ்கேலுமாக, அது உருண்டு போகிறது. நான்கு மடிப்பையும் ஒரே உருட்டலில் அறுக்கிறது. கத்தரி பிடித்து விரல் மூட்டு வலி கண்ட முதியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய சகாயம் என்பதை வேகத்தைக் கொண்டு அளந்துவிட முடியாது.

ஓரமே அளவுகோலாகிவிட்டதனால் ஒரு புதிய கணிதமும் இதோடு பிறந்தது. நான் இந்த முறையில் மிகவும் மதிப்பது அதைத்தான். இரண்டு அங்குலச் சதுரம் வேண்டுமானால் இரண்டு பக்கமும் கால் கால் சேர்த்து இரண்டரையாக வெட்ட வேண்டும் என்பது யாருக்கும் விளங்கும். ஆனால் சதுரத்தை மூலைக்கு மூலை அறுத்து இரண்டு முக்கோணமாக்கும்போது, சாய்ந்த பக்கத்துக்கும் தையல் துணி தேவைப்படுவதால், எவ்வளவு சேர்ப்பது? முக்காலே அரைக்கால் என்பது விடை. சரியாகக் கணக்கிட்டால் வருவது 0.854 அங்குலம், ஸ்கேலில் இருக்கும் கோடு 0.875. ஐம்பதில் ஒரு பங்கு அங்குலத்துக்குச் சற்றே மேலான இந்த மிச்சத்தைத் தையலின் மடிப்பு விழுங்கிவிடுகிறது. சதுரத்தை இரண்டு மூலைவாட்டிலும் அறுத்து நான்கு முக்கோணமாக்கினால் சேர்க்க வேண்டியது ஒன்றேகால். இந்த இரண்டில் எதைத் தேர்வது என்பதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. முதல் வகையில் குட்டைப் பக்கங்கள் இரண்டும் துணியின் பாவிலும் ஊடையிலும் நேராக விழும். இரண்டாம் வகையில் நெடும்பக்கம் நேராக விழும். தையற்காரர்கள் கிராஸ் என்று சொல்லும் மூலைவாட்டு ஓரம் இழுத்தால் நீளும் சுபாவம் உடையதாகையால், எந்தப் பக்கம், துண்டுகள் சேர்ந்து உண்டாகும் கட்டத்தின் வெளி எல்லையில் நிற்கப் போகிறதோ அது நேர்நூலில் அமையும்படி வகையைத் தேர்ந்துகொள்ள வேண்டும். அட்டை வைத்துக் கோடிட்ட காலத்திலும் இந்த அறிவு உண்டு. என்றாலும் அது கைப்பழக்கமாக இருந்ததே ஒழிய, ஒருவர் மற்றொருவருக்கு எண்ணாகச் சொல்லிக் கொடுக்கக்கூடிய பிரமாணமாக இல்லை. ஆயிரம் மைலுக்கு அப்பால் இருப்பவரும் அதே துண்டை வெட்டும்படி எழுதிவைக்க இயன்றது இந்தக் கணிதத்தினால்.

இனித் தோஷங்களைப் பார்க்கலாம். துணி காகிதம் அல்ல என்பதைச் சக்கரக் கத்தி எளிதில் மறக்கச் செய்கிறது. கடையில் வாங்கும் குவில்ட் துணி ஏறக்குறைய 42 முதல் 44 அங்குலம் அகலம். அதைக் கரைக்குக் கரை மடித்தால் 21 முதல் 22 அங்குலம். 24 அங்குல ஸ்கேல் அதைத் தாண்டி நிற்கும். ஸ்கேல் மடிப்புக்குச் செங்குத்தாக இருந்தால் விரித்த பட்டை நேராக இருக்கும். அது ஒரு பாகை சாய்ந்திருந்தால், இரண்டு பாதிகளும் எதிரெதிர்த் திசையில் சாய்வதால், மடிப்பு இருந்த இடத்தில் பட்டை இரண்டு பாகை முறிந்து கிடக்கும். இன்னொரு முறை மடித்து நாலடுக்காக வெட்டினாலோ மூன்று இடத்தில் முறிவு விழும். அந்தப் பட்டையின் அகலத்தை எந்த இடத்தில் அளந்தாலும் சரியாகவே இருக்கும். கோணல் மட்டும் இருக்கும். அளவு சரியாக இருப்பதே பிழையை மறைத்துவிடுகிறது என்பதுதான் இதிலுள்ள அபாயம். கடையில் மடித்துச் சுருட்டிய மடிப்பை நம்பாமல், துணியைக் கையில் தொங்கவிட்டு, கரைகள் ஒன்றுக்கொன்று சற்று விலகினாலும் மடிப்பு சுருக்கமில்லாமல் விழும்வரை நகர்த்தி, அதற்குப் பிறகே மேஜையில் கிடத்த வேண்டும். மூன்று நான்கு பட்டை வெட்டியதும் ஓரத்தை மறுபடி மடிப்புக்குச் சதுரமாக்கிக்கொள்ள வேண்டும். துரிதத்துக்காகச் சக்கரத்தை எடுத்தவர்களுக்கு இந்த நிதானம் கசக்கத்தான் செய்யும்.

பிளேடோ தன் குறையைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. பெரும்பாலோர் உபயோகிப்பது 45 மில்லிமீட்டர் சக்கரம். அதன் சுற்றளவு பதினான்கு சென்டிமீட்டர் சொச்சம். குண்டூசியின்மேல் ஒருமுறை ஏறிவிட்டால் விளிம்பில் ஒரு நுண்ணிய பொக்கை விழும். அதன்பின் வெட்டிய ஓரம் முழுவதும், ஐந்தரை அங்குலத்துக்கு ஓர் இடமாக, அறுபடாத இரண்டு மூன்று நூல்கள் நின்றுவிடும். பிளேடை மாற்ற வேண்டிய அந்த நேரத்தில் அநேகர் கையை இன்னும் அழுத்துகிறார்கள். அழுத்தினால் ஸ்கேலும் நகரும்; நீண்ட ஸ்கேலின் நடுவில் மட்டும் ஊன்றிய கைக்கு அதன் மறுமுனை நகர்வது தெரிவதில்லை. வெட்டுவதைப் பாதியில் நிறுத்தி, பிளேடைத் துணியிலேயே நிலைநிறுத்தி, இடது கை விரல்களை ஸ்கேலின்மேல் நடத்தி முன்னே கொண்டுபோய் ஊன்றி, பிறகு மேற்செல்வதே முறை. இந்தக் கத்தி விரலையும் துணியைப் போலவே அறுக்கக்கூடியது. ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் மூடியை இழுத்து மூடும் பழக்கம் வராதவர் கையில் அதைக் கொடுக்கலாகாது.

பிழைகளை எல்லாம் ஒரே தராசில் நிறுத்துவதும் சரியன்று. இரண்டு அங்குலச் சதுரங்கள் முப்பது சேர்ந்து அறுபது அங்குல வரிசையாகும்போது, ஒவ்வொன்றிலும் வீசம் அங்குலம் கூடியிருந்தால் வரிசை ஏறக்குறைய இரண்டு அங்குலம் நீண்டுவிடும். கேட்கப் பயமாக இருந்தாலும், எல்லா வரிசையும் அவ்வாறே நீண்டால் போர்வை சற்றுப் பெரிதாகுமே தவிர முனைகள் பிசகா. தீங்கு செய்வது சீரில்லாத பிழை. சதுரத்தை ஒரு ஸ்கேலாலும் முக்கோணத்தை வேறொரு ஸ்கேலாலும் வெட்டினால், அவற்றின் கோடுகளின் தடிப்பே வேறுபட்டிருக்கலாம். ஒரு துண்டுக்கு ஸ்கேலையும் மற்றொன்றுக்கு மேட்டில் அச்சிட்ட கட்டங்களையும் நம்பினால் பிசகு இன்னும் நிச்சயம். எல்லாவற்றையும்விடக் கடினமான பரீட்சை எட்டுமுனை நட்சத்திரம். அங்கே 45 பாகைக் கூர்முனைகள் எட்டு, நடுவில் ஒரு புள்ளியில் கூடுகின்றன. ஒவ்வொன்றும் ஒரு பாகை மிஞ்சிவிட்டால் மொத்தம் 368 பாகையாகி, நட்சத்திரம் அலைபோல மேலும் கீழுமாக நெளிந்து நிற்கும். எத்தனை இஸ்திரி போட்டாலும் அது தட்டையாகாது. இங்கே மட்டும் தையல் வந்து முடியும் புள்ளியை ஒவ்வொரு துண்டிலும் பென்சிலால் குறித்துக்கொள்ளும் வழக்கத்தைச் சக்கரக் கத்திக்காரர்களும் கைவிடவில்லை.

தவிரவும், சரியாக வெட்டியது சரியாகத் தைத்ததாகிவிடாது. ஒன்றரை அங்குலப் பட்டை மூன்றை இணைத்து இஸ்திரி போட்டால் மொத்தம் மூன்றரையும் நடுப்பட்டை ஒன்றுமாக நிற்க வேண்டும். இயந்திரத்தில் கால் அங்குலம் என்று தைத்தால் பெரும்பாலும் நிற்பதில்லை; நூலின் தடிப்பும் துணி மடங்கும் வளைவும் ஒரு மயிரிழையைத் தின்றுவிடுகின்றன. ஆகவே கால் அங்குலத்துக்கு ஒரு நூல் குறைவாகவே தைக்க வேண்டியிருக்கிறது. ஓரத்தின்மேல் பொறுப்பை ஏற்றியவர்கள், அந்த ஓரத்திலிருந்து ஊசி எவ்வளவு தூரத்தில் இறங்குகிறது என்பதையும் இவ்வாறு சோதித்துக்கொள்ளக் கடமைப்பட்டவர்கள்.

உருவங்களின் விஷயத்தில் என் வருத்தம் பெரிது. ஸ்கேலுக்கு எளிதானவை பட்டையும் சதுரமும் அவற்றைப் பிளந்த முக்கோணமும்; ஆகவே துரித வகுப்புகளில் இவையே திரும்பத் திரும்ப வருகின்றன. நீளமான புதுத்துணியை வாங்கி வெட்டுவதே சௌகரியம் என்றாகி, மிச்சத் துணிக்கு உயிர் கொடுத்து வந்த கலை மிச்சத்தை உண்டாக்கும் கலையாக மாறியது. அலபாமா ஆற்றின் வளைவில் இருக்கும் ஜீஸ் பெண்ட் என்ற சிற்றூரின் கறுப்பினப் பெண்கள் தேய்ந்த வேலையுடுப்புகளைக் கொண்டு தைத்த போர்வைகள் 2002-ல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டபோது, கோணிய பட்டைகளும் ஒன்றுக்கொன்று ஒவ்வாத அகலங்களும் எத்தனை கம்பீரமாக இருக்க முடியும் என்பதை உலகம் கண்டது. தேய்ந்த உடுப்பில் எது மிஞ்சியதோ அதுவே துண்டின் அளவாயிற்று.

இதற்குச் சக்கரத்தைக் குற்றம் சொல்ல நான் துணியமாட்டேன். குற்றம் அதை விட்டுப் பிரியாத ஸ்கேலுடையது. ஓஹையோ மாநிலத்து நான்சி குரோ அந்த ஸ்கேலை ஒதுக்கிவிட்டு, கத்தியை வெறுங்கையால் ஓட்டியே தம் பெரும்படைப்புகளை அமைத்தவர். இரண்டு துணிகளின் ஓரங்களை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றிக் கிடத்தி, இரண்டையும் சேர்த்து ஒரே வளைவாக வெட்டினால், ஒன்றின் மேடு மற்றொன்றின் பள்ளத்துக்குத் தானே இணையாகிறது. முன்கூட்டி வகுத்த அளவு இல்லாததனால், தையலுக்குப் போகும் கால் அங்குலம் எதையும் குலைப்பதில்லை. கத்தரியால் இரண்டடுக்கை இவ்வளவு சரளமாக அறுக்க இயலாது. சக்கரத்துக்கே உரிய சக்தி அது. முதல் நாளிலேயே இரண்டரை அங்குலப் பட்டையைக் கற்பிக்கும் ஆசிரியர்கள், அடுத்த நாள் ஸ்கேலை வாங்கி வைத்துக்கொண்டு, இந்த வளைவையும் மாணவர்களை வெட்டிப் பார்க்கச் சொல்லலாம்.