யோசுவாவின் ஊர்ப் பட்டியலும் 'சுதந்தரம்' என்ற சொல்லும்

பைபிளை முதல் பக்கத்திலிருந்து வாசிக்க ஆரம்பிப்பவர்களில் பலர் யோசுவா 13-ஆம் அதிகாரத்தில் தடுமாறுவார்கள். அதுவரை போர்க்கதை. அங்கிருந்து 21 வரைக்கும் கிட்டத்தட்ட பத்திரப்பதிவு ஆபீஸ்தான். எந்தக் கோத்திரத்துக்கு எந்த எல்லை, எந்தெந்த ஊர். இதில் ஆன்மிகம் எங்கே?

3-ஆம் நூற்றாண்டில் ஒரிஜென் ஒரு விடை சொன்னார். கிரேக்கத்தில் யோசுவா, இயேசு இரண்டும் ஒரே பெயர். அதனால் யோசுவா பிரித்துக் கொடுத்த நிலம் என்பது பரலோகப் பங்கு. ஊர்ப்பெயர்களுக்குள் ஆத்துமாவின் ரகசியங்கள். பெயருக்கு வேர்ச்சொல் தேடி, ஊருக்கு ஒரு குணத்தை ஒட்டவைக்கும் பிரசங்கங்களை இன்றும் கேட்கலாம்.

இதில் எனக்குப் பெரிய சிக்கல் இருக்கு. காரைக்குடிக்கு காரைச் செடியால் பெயர் வந்தது என்பார்கள். அதை 'முட்களின் நடுவே குடியிருக்கும் ஆத்துமா' என்று அரைமணி நேரம் பேசிவிடலாம். கேட்க நல்லாத்தான் இருக்கும். ஆனால் அதில் காரைக்குடிக்காரர் ஒருத்தர்கூட இருக்க மாட்டார்.

தமிழில் வாசிக்கிற நமக்கு வேறொரு வழி இருக்கிறது. தமிழ் பைபிள் இந்தப் பங்கை 'சுதந்தரம்' என்கிறது. இன்று அந்தச் சொல்லைக் கேட்டால் ஆகஸ்ட் 15 தான் ஞாபகம் வரும். பழைய தமிழ்நாட்டுக் கிராமத்தில் அதற்கு உரிமைப் பங்கு என்று பொருள். களத்துமேட்டில் நெல் அளக்கும்போது தச்சருக்கும் கொல்லருக்கும் இவ்வளவு என்று கொடுத்த பங்குக்குப் பெயரே சுதந்திரம்தான்.

இந்தப் பொருளோடு லேவி கோத்திரத்தைப் பாருங்கள். அவர்களுக்கு நிலம் இல்லை, கர்த்தரே சுதந்தரம் என்று 13:33 சொல்கிறது. பிரசங்கிகளுக்கு மிகவும் பிடித்த வசனம். 'மண்ணாசையை விடு' என்று முடித்துவிடுவார்கள். ஆனால் அதே அதிகாரத்தின் 14-ஆம் வசனம், பலிகளே அவர்கள் சுதந்தரம் என்கிறது. அதாவது சாப்பாடு. களத்துப் பங்கு மாதிரியே. 21-ஆம் அதிகாரத்தில் மேய்ச்சல் நிலத்தோடு 48 ஊர்களும் கிடைக்கின்றன. நிலமற்றவனுக்கு ஊரார் எப்படிச் சோறு போட வேண்டும் என்ற ஏற்பாட்டை, 'நிலமே கேட்காதே' என்ற உபதேசமாக மாற்றுவது சின்ன விஷயமில்லை. சொந்தமாக ஒரு சென்ட் இல்லாதவர்களும் அந்தப் பிரசங்கத்தைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

காலேபின் மகள் அக்சாள் நிலம் கேட்கத் தயங்கவில்லை. வறண்ட நிலத்தைக் கொடுத்தீர்கள், தண்ணீரும் கொடுங்கள் என்று அப்பாவிடம் நேராகக் கேட்கிறாள். மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு ஊற்றுகளும் கிடைக்கின்றன (15:16–19). ஊற்றை 'பரிசுத்த ஆவி' என்று விளக்குபவர்கள் உண்டு. கூரையில் விழும் மழையை முற்றத்தில் பிடித்து, மிச்சத்தை ஊரணிக்கு அனுப்பிய செட்டிநாட்டில் இருந்து வாசித்தால், தண்ணீர் தண்ணீராக இருப்பதே போதுமான அளவு பரிசுத்தம் என்று தோன்றுகிறது.

ஒரிஜெனிடம் ஒன்று பிடிக்கும். பொருள் புரியாவிட்டாலும் இந்தப் பெயர்களைக் காதால் கேட்பதே உள்ளுக்குள் வேலை செய்யும் என்றார். மந்திரம் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதுசில்லை.

இன்னொரு விஷயம். யூதாவின் தெற்கு ஊர்களின் கூட்டுத்தொகை 29 என்கிறது 15:32. எண்ணிப் பார்த்தால் பெயர்கள் 30-ஐத் தாண்டுகின்றன. புரோகிராமர் கண்ணுக்கு இது பழகின பிழை: பட்டியலில் பிறகு வரிகள் சேர்ந்திருக்கின்றன, மொத்தத்தை யாரும் மாற்றவில்லை. என் ஊகம்தான். கணக்கு இடித்தாலும் பரவாயில்லை, எங்க ஊர் பெயர் விடுபடக்கூடாது என்று யாரோ நினைத்திருக்கிறார்கள்.